வெறுப்புக் குற்றங்களைத் தடுக்க நகரம் எதற்கு முதலில் செலவு செய்ய வேண்டும்?

ஒரு வழிபாட்டுத் தலத்தின் சுவரில் ராத்திரியோடு ராத்திரியாக யாரோ கேவலமாக எழுதிவிட்டுப் போகிறார்கள். பேருந்தில் முக்காடு போட்ட ஒரு பெண்ணைப் பார்த்து ஒருவன் ‘உன் நாட்டுக்கே ஓடு’ என்று கத்துகிறான். மறுநாள் மேயர் கண்டன அறிக்கை விடுகிறார். நகர மன்றம் தீர்மானம் போட்டுக் கொஞ்சம் பணமும் ஒதுக்குகிறது. அந்தப் பணத்தை எதில் போடுவது என்ற இடத்தில்தான் பல நகரங்கள் தடுமாறுகின்றன. கையில் இருப்பது குறைவு, கேட்பவர்கள் அதிகம். போலீஸ் தனிப்பிரிவு வேண்டும் என்கிறது. தொண்டு அமைப்புகள் உதவி எண் கேட்கின்றன. பெரியவர்கள் அமைதிக் குழு போடுங்கள் என்கிறார்கள். பள்ளிகள் ஒருபக்கம், விழாக் குழுக்கள் இன்னொருபக்கம்.

இந்த வழிகள் எல்லாமே உலகத்தில் எங்கோ ஓரிடத்தில் செய்து பார்க்கப்பட்டவைதான். எது எதைச் சாதித்தது, எங்கே சறுக்கியது என்று ஒப்பிட்டுப் பார்க்க முடியும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் பணம், போலீஸுக்கு வெளியே இயங்கும் புகார் எண்ணுக்கும் அதன் பின்னால் உட்காரும் ஆட்களுக்கும் போக வேண்டும். இரண்டாவதாக, ஒன்றும் நடக்காத காலத்திலும் கூடுகிற வட்டார அளவிலான குழுக்களுக்கு. மற்றவை இந்த இரண்டும் காலூன்றிய பிறகு.

ஒரு மனிதரை அவர் யார் என்பதற்காகவே, அதாவது அவருடைய மதம், இனம், சாதி, நிறம், பாலினம், உடல் குறைபாடு இவற்றுக்காகவே குறிவைத்துத் தாக்குவது வெறுப்புக் குற்றம். அடி வாங்குபவர் ஒருவர்தான். ஆனால் அவரைப் போன்ற அத்தனை பேரும் அன்றிலிருந்து எந்தத் தெருவில் போகலாம், எத்தனை மணிக்குள் வீடு திரும்ப வேண்டும் என்று கணக்குப் போட ஆரம்பிக்கிறார்கள். அதனால் குற்றவாளியைப் பிடிப்பதோடு நகரத்தின் வேலை முடிந்துவிடுவதில்லை.

போலீஸும் தண்டனையும்

எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி இதுதான். தோன்றுவதில் நியாயமும் இருக்கிறது. 1993-ல் லண்டனில் பேருந்துக்காகக் காத்திருந்த ஸ்டீபன் லாரன்ஸ் என்ற 18 வயது கறுப்பின இளைஞர் குத்திக் கொல்லப்பட்டார். போலீஸ் விசாரணை படுமோசமாக நடந்தது. இரண்டு பேர் தண்டிக்கப்பட 2012 வரை ஆனது. இடையில், அந்த விசாரணையில் நடந்த தவறுகளை ஆராய்ந்து 1999-ல் வந்த மேக்பெர்சன் அறிக்கை ஒரு முக்கியமான மாற்றத்தைப் பரிந்துரைத்தது: பாதிக்கப்பட்டவரோ வேறு யாரோ ஒரு சம்பவத்தை இனவெறிச் சம்பவம் என்று கருதினால், போலீஸ் அதை அப்படியே பதிவு செய்ய வேண்டும். அது உண்மையா என்பதை விசாரணை பிறகு பார்த்துக்கொள்ளும்.

அந்தச் சிறிய மாற்றத்தின் விளைவை எண்ணிக்கையில் பார்க்கலாம். இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்துச் சுமார் 6 கோடிப் பேர். 2024 மார்ச்சோடு முடிந்த ஆண்டில் அங்கே போலீஸ் பதிவு செய்த வெறுப்புக் குற்றங்கள் 1,40,000-க்கும் மேல். அமெரிக்காவில் 33 கோடிப் பேர், 2023-ல் எஃப்.பி.ஐ. கணக்கில் வந்தவை சுமார் 12,000 சம்பவங்கள். அமெரிக்கர்களைவிட ஆங்கிலேயர்கள் பல மடங்கு வெறுப்பானவர்கள் என்று யாரும் முடிவுகட்ட முடியாது. குற்றம் என்று எதைச் சேர்ப்பது என்பதில் இரு நாடுகளுக்கும் வித்தியாசம் உண்டு, அதைவிடப் பெரிய வித்தியாசம் எழுதிக்கொள்வதில் இருக்கிறது. அமெரிக்க நீதித்துறையின் புள்ளியியல் பிரிவு வீடுகளில் நேரடியாகக் கேட்டு எடுத்த கணிப்பின்படி அங்கே ஆண்டுக்குச் சராசரியாக 2.5 லட்சம் வெறுப்புச் சம்பவங்கள் நடக்கின்றன. பாதிக்கு மேல் போலீஸிடம் போவதே இல்லை.

போனவையும் கணக்கில் ஏறுவதற்கு உத்தரவாதம் கிடையாது. 2016-ல் அமெரிக்காவின் டல்சா நகரத்தில் காலித் ஜபாரா என்ற லெபனான் வம்சாவளிக்காரர் பக்கத்து வீட்டுக்காரரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த ஆள் வருஷக்கணக்காக அந்தக் குடும்பத்தை இனத்தைச் சொல்லித் திட்டியும் துன்புறுத்தியும் வந்தவர். 2017-ல் சார்லட்ஸ்வில்லில் வெள்ளை இனவெறியர்களை எதிர்த்து நடந்தவர்கள் மீது கார் ஏற்றப்பட்டதில் ஹெதர் ஹேயர் இறந்தார். உலகமே பார்த்த சம்பவம் அது. இந்த இரண்டு கொலைகளும் அந்தந்த ஆண்டின் அதிகாரபூர்வ வெறுப்புக் குற்றக் கணக்கில் இடம்பெறவில்லை. இருவர் பெயரையும் தாங்கிய சட்டப் பகுதி 2021-ல் நிறைவேறியதற்குக் காரணமே இந்த விடுபடல்தான். மாநிலங்கள் உதவி எண் தொடங்கவும், போலீஸ் தரவு முறையைச் சீராக்கவும் அந்தச் சட்டம் மானியம் தருகிறது.

சட்டம் போடுவதும் தண்டனையைக் கூட்டுவதும் பெரும்பாலும் நகரத்தின் கையில் இல்லை, மாநிலமோ நாடோ செய்ய வேண்டியவை. நகரத்தால் முடிவது ஒரு தனிப்பிரிவு அமைப்பது, சம்பவ இடத்துக்கு முதலில் போகிற காவலருக்குப் பயிற்சி தருவது. இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் பயிற்சிக்கே என் ஓட்டு. தனிப்பிரிவு தலைமையகத்தில் உட்கார்ந்திருக்கும். நள்ளிரவில் வந்து நிற்கிற சாதாரணக் காவலர் ‘அவன் என்ன சொல்லித் திட்டினான்?’ என்று கேட்டு, அந்த வார்த்தையை அப்படியே எழுதிக்கொள்ளாவிட்டால், தனிப்பிரிவுக்கு அந்த கேஸ் போய்ச் சேரவே சேராது. கடையின் கண்ணாடி உடைந்த வழக்கு வெறும் சொத்துச் சேத வழக்காக முடிந்துவிடும்.

இந்த வழியின் பெரிய குறை வேறு. போலீஸைப் பார்த்தே பயப்படுகிற ஆட்கள்தான் இந்தக் குற்றங்களுக்கு அதிகம் ஆளாகிறார்கள். விசா சிக்கல் உள்ள தொழிலாளி, மொழி தெரியாத மூதாட்டி, தன் அடையாளத்தை வீட்டில் சொல்லாத இளைஞர் இவர்கள் ஸ்டேஷன் படி ஏற மாட்டார்கள். எவ்வளவு நல்ல பிரிவை அமைத்தாலும் அவர்களுக்கு அது இல்லாத மாதிரிதான்.

போலீஸுக்கு வெளியே ஒரு எண்

கலிஃபோர்னியா மாநிலம் 2023 மே மாதம் இப்படி ஒரு உதவி எண்ணைத் தொடங்கியது. பெயர் சொல்லாமலே புகார் தரலாம், போலீஸுக்குச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, மொழிபெயர்ப்பாளர்கள் வழியாக 200-க்கும் மேற்பட்ட மொழிகளில் பேசலாம். அதே மாநிலத்தின் லாஸ் ஏஞ்சலஸ் கவுன்ட்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகம்) அதற்கு முன்பே, ஏற்கெனவே மக்களுக்குப் பழக்கமான 211 என்ற பொது உதவி எண்ணிலேயே இந்தச் சேவையைச் சேர்த்திருந்தது. புது எண்ணை மக்கள் மனதில் பதிய வைக்கும் செலவு அதனால் மிச்சம். பிரிட்டனில் நூலகம், தொண்டு அமைப்பு அலுவலகம் போன்ற இடங்களே மூன்றாம் தரப்புப் புகார் மையங்களாக இயங்குகின்றன. இந்தியாவில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைகளுக்கென்று 14566 என்ற தேசிய உதவி எண் 2021 டிசம்பரில் வந்தது.

எண் அறிவிப்பது சுலபம். அதன் தரம் தெரிவது போனை எடுத்த பிறகுதான். அந்தப் பேருந்துப் பெண்ணே அழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எடுப்பவர் முதலில் கேட்க வேண்டியது, ‘இப்போது பத்திரமான இடத்தில் இருக்கிறீர்களா?’ பெயர், முகவரியெல்லாம் அப்புறம். அவருக்கு வசதியான மொழி தெரிந்தவரை அதே அழைப்பில் சேர்க்க வேண்டும். எந்த வழித்தடம், ஏறக்குறைய எத்தனை மணி, ஓட்டுநர் என்ன செய்தார் என்று கேட்டு எழுத வேண்டும். பேருந்து கேமராப் பதிவு குறிப்பிட்ட நாட்களுக்குப் பிறகு தானாக அழிந்துவிடும். அதனால் பதிவை எடுத்து வையுங்கள் என்று போக்குவரத்து நிர்வாகத்துக்கு அன்றைக்கே கடிதம் போக வேண்டும். போலீஸ் புகார் தர அவருக்கு விருப்பமா, தந்தால் என்ன ஆகும், தராவிட்டால் என்ன ஆகும் என்று விளக்கி, முடிவை அவரிடமே விட வேண்டும். தருகிறேன் என்றால் கூடவே ஒருவர் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். இரண்டு நாள் கழித்து மறுபடி அவரை அழைத்து, ‘தூக்கம் வருகிறதா, வேலைக்குப் போக முடிகிறதா’ என்று விசாரிக்க வேண்டும். அந்த இரண்டாவது அழைப்பை யார் செய்வது என்று பட்ஜெட்டில் எழுதப்படாத திட்டங்களை நான் நம்புவதில்லை.

இதில் இன்னொரு பெரிய பயன் உண்டு. வெறுப்பைக் காட்டும் சம்பவங்களில் கணிசமானவை சட்டப்படி குற்றமே ஆகாதவை. பேருந்தில் திட்டுவது பல நாடுகளில் அப்படித்தான். ‘இதற்கு கேஸ் போட முடியாதும்மா’ என்று போலீஸ் சொல்வது சட்டப்படி சரியாகவே இருக்கலாம். ஆனால் திட்டில் தொடங்கி, கதவில் எழுதுவதற்குப் போய், கடைசியில் கை வைக்கும் அளவுக்கு வளர்கிற சம்பவங்கள் உண்டு. ஜபாரா குடும்பத்துக்கும் திட்டில் தொடங்கிக் கொலையில்தான் முடிந்தது. சிறிய சம்பவங்களைக் கேட்டு எழுதிவைக்க ஓரிடம் இருந்தால், ஒரே தெருவிலிருந்தோ ஒரே பேருந்து வழித்தடத்திலிருந்தோ திரும்பத் திரும்ப அழைப்பு வருவது தெரிந்துவிடும். நகரம் அங்கே விளக்கு போடலாம், நடத்துநரிடம் பேசலாம், வீட்டுக்கு வலுவான பூட்டும் கேமராவும் வாங்கித் தரலாம், பள்ளித் தலைமை ஆசிரியரைப் பார்க்கலாம். இதில் எதற்கும் நீதிமன்றம் தேவையில்லை.

இந்தத் திட்டத்துக்கு எதிராகச் சொல்லப்படுவதில் ஒன்றை நான் மதிக்கிறேன். குற்றமல்லாத பேச்சையெல்லாம் அரசு பதிவு செய்தால், அது மக்களைக் கண்காணிக்கும் பட்டியலாகிவிடாதா என்ற கேள்வி அது. நியாயமான பயம். சம்பவத்தைப் பதியலாம், நிரூபிக்கப்படாமல் திட்டியவரின் பெயரைப் பதியக் கூடாது. அழைத்தவரின் விவரம் குடியேற்றத் துறைக்கோ வேறெந்தத் துறைக்கோ போகாது என்று விதியாகவே எழுத வேண்டும். இந்த இரண்டையும் முதல் நாளிலேயே செய்யாத நகரம் இதைத் தொடங்காமல் இருப்பதே மேல். ஒருமுறை ஒருவருடைய தகவல் கசிந்துவிட்டால், அந்தச் சமூகத்திலிருந்து அடுத்த அழைப்பு வராது.

வட்டாரக் குழுக்கள்

மும்பைக்குப் பக்கத்தில் இருக்கும் பிவண்டி விசைத்தறி நகரம். 1970-லும் 1984-லும் மோசமான மதக்கலவரங்களைப் பார்த்தது. 1988 வாக்கில் அங்கே போலீஸ் துணை ஆணையராக வந்த சுரேஷ் கோப்டே, பகுதிக்குப் பகுதி மொகல்லா கமிட்டிகளைத் தொடங்கினார். இந்துக்களும் முஸ்லிம்களும் சம அளவில் உட்கார்ந்தார்கள். கூடவே அந்தப் பகுதியைப் பார்க்கிற அடிமட்டக் காவலர்களும் இருந்தார்கள். கலவரத்தைப் பற்றி மட்டும் பேசும் கூட்டங்களாக அவை இருக்கவில்லை. அக்கம்பக்கத்துச் சின்னச் சின்னத் தகராறுகள் அங்கே வந்தன, அங்கேயே தீர்ந்தன. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் மும்பை பற்றி எரிந்து சுமார் 900 பேர் செத்தபோது, எல்லோரும் முதலில் வெடிக்கும் என்று பயந்த பிவண்டியில் கலவரம் நடக்கவில்லை. வதந்தி கிளம்பியபோது யாரிடம் கேட்பது என்று இருபக்கத்து ஆட்களுக்கும் தெரிந்திருந்தது. கேட்கப்பட்டவரோடு ஏற்கெனவே டீ குடித்த பழக்கம் இருந்தது.

மும்பை பிறகு இந்தப் பாடத்தை எடுத்துக்கொண்டது. முன்னாள் போலீஸ் ஆணையர் ஜூலியோ ரிபைரோ போன்றவர்கள் சேர்ந்து நடத்திய மொகல்லா கமிட்டி இயக்கம், மக்களையும் போலீஸையும் ஒரே அறையில் உட்கார வைத்தது. இளைஞர்களுக்குக் கிரிக்கெட் போட்டிகளும் நடத்தியது. சிங்கப்பூர் 2002-ல் தொகுதிதோறும் இன, மத நம்பிக்கை வட்டங்களை அரசே அமைத்தது. அதற்கு முந்தைய மாதங்களில் பயங்கரவாதச் சதி தொடர்பாகச் சிலர் கைதானபோது, சமூகங்களுக்கு இடையில் சந்தேகம் வளர்ந்துவிடுமோ என்ற பயமே காரணம்.

இந்திய நகரங்களை ஒப்பிட்டு ஆராய்ந்த அரசியல் அறிஞர் அசுதோஷ் வார்ஷ்ணே ஒரு விஷயத்தைக் காட்டினார். நகரங்களில் பக்கத்து வீட்டுக்காரரோடு பேசிக்கொள்கிற சாதாரணப் பழக்கத்தைவிட, இரு சமூகத்தாரும் சேர்ந்திருக்கும் வணிகர் சங்கம், தொழிற்சங்கம் போன்ற அமைப்புகள்தான் பதற்றமான நேரத்தில் தாங்குகின்றன. காரணம் புரிகிறது. சேர்ந்து தொழில் செய்பவர்களுக்குக் கடை மூடினால் நஷ்டம். புன்னகைத்துக்கொண்டு போகிற பக்கத்து வீட்டுக்காரர் பயந்தால் கதவைச் சாத்திக்கொள்வார். புதிதாகக் குழு போடும் நகரம் முதலில் இப்படி ஏற்கெனவே கலந்திருக்கும் சங்கங்கள் எவை என்று தேட வேண்டும். ஆட்டோ ஸ்டாண்டு, சந்தை வியாபாரிகள், ஆஸ்பத்திரி ஊழியர்கள் என்று எங்காவது இருக்கும்.

இந்தக் குழுக்கள் கெட்டுப்போகும் விதமும் நமக்குத் தெரிந்ததுதான். மேடையில் உட்காரப் பிரியப்படுபவர்களே உறுப்பினர் ஆகிறார்கள். எல்லோரும் ஆண்கள், எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். வாடகைக்குக் குடியிருப்பவர், போன வருஷம் வந்த தொழிலாளி, கல்லூரிப் பையன், வீட்டுவேலை செய்யும் பெண் எவரும் இருக்க மாட்டார்கள். பிரிட்டனின் லெஸ்டர் நகரம் பல காலமாக நல்லிணக்கத்துக்கு எடுத்துக்காட்டாகப் பேசப்பட்ட ஊர். 2022 ஆகஸ்ட் கடைசியில் நடந்த இந்தியா-பாகிஸ்தான் கிரிக்கெட் ஆட்டத்தைத் தொடர்ந்து அங்கே இந்து, முஸ்லிம் இளைஞர்கள் தெருவில் இறங்கி மோதிக்கொண்டார்கள். சமூக வலைத்தளப் பொய்கள் அதற்குத் தீனி போட்டன. தலைவர்கள் ஒன்றாக நின்று அமைதி வேண்டினார்கள், உண்மையாகவே வேண்டினார்கள். முகமூடி போட்டு நடந்த இளைஞர்களோ அவர்கள் பேச்சைக் கேட்டு நடக்கும் கூட்டமாக இல்லை. எனவே குழு அமைப்பவர்கள் பாதி இடங்களை நாற்பது வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கும் பெண்களுக்கும் எழுதிவைக்க வேண்டும், தலைமைப் பொறுப்பை ஆண்டுதோறும் மாற்ற வேண்டும். கூட்டத்தை வேலை முடிந்த பிறகு மாலையில் வைப்பதும் முக்கியம், இல்லையென்றால் தினக்கூலிக்காரர் வரவே மாட்டார்.

வதந்தியைத் தடுக்கத் தனித் திட்டம் வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். 1960-களின் பிற்பகுதியில் சிகாகோவும் வேறு பல அமெரிக்க நகரங்களும் போன் செய்து விசாரிக்கக்கூடிய வதந்திக் கட்டுப்பாட்டு மையங்களையே நடத்தின. இன்றைய வேகம் வேறு. 2024 ஜூலையில் பிரிட்டனின் சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் கொல்லப்பட்டபோது, தாக்கியவர் படகில் வந்த அகதி என்ற பொய் சில மணி நேரத்தில் பரவி, மறுநாளே மசூதியைத் தாக்கும் அளவுக்குப் போனது. அதற்குப் பிறகு பல ஊர்களில் கலவரம். இதற்குத் தனி அலுவலகம் போடுவது வீண் செலவு என்பது என் எண்ணம். உதவி எண்ணில் அழைப்பவர்கள் புதிய வதந்தியைச் சொல்வார்கள். வட்டாரக் குழு உறுப்பினர் அரை மணியில் விசாரித்து, தன் வாட்ஸ்அப் குழுவில் தன் குரலிலேயே பதில் போடுவார். தெரிந்தவர் குரலில் வரும் பதிலை ஆட்கள் கேட்பார்கள். நகராட்சி போடும் மறுப்பு அறிக்கை மறுநாள்தான் வரும்.

பழக வைக்கும் திட்டங்கள்

பள்ளிகளில் கலந்து உட்கார வைப்பது, கலப்பு விளையாட்டு அணிகள், ஒருவர் பண்டிகைக்கு மற்றவரை அழைப்பது. உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-லேயே இதற்கு நிபந்தனை சொல்லிவிட்டார்: இருவருக்கும் சம அந்தஸ்து இருக்க வேண்டும், பொதுவான ஒரு இலக்கு வேண்டும், சேர்ந்து உழைக்க வேண்டும், மேலே இருப்பவர்கள் ஆதரிக்க வேண்டும். ஒருவர் உபசரிக்க, மற்றவர் விருந்தாளியாக வந்து சாப்பிட்டுப் போகும் நிகழ்ச்சியில் இந்த நான்கில் ஒன்றுகூடத் தேறுவதில்லை.

நிபந்தனைகள் கூடியபோது என்ன நடக்கிறது என்பதற்கு இரண்டு நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. வடக்கு ஈராக்கில் ஐ.எஸ். அமைப்பால் விரட்டப்பட்ட கிறிஸ்தவக் கால்பந்து வீரர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சில அணிகளில் முஸ்லிம் வீரர்களைச் சேர்த்தார் ஆய்வாளர் சல்மா மூசா. கலந்து ஆடியவர்கள் அடுத்த பருவத்திலும் கலப்பு அணியில் ஆடப் பதிவு செய்தார்கள், ஆறு மாதம் கழித்தும் முஸ்லிம்களோடு பயிற்சி செய்தார்கள். ஆனால் மைதானத்துக்கு வெளியே, முன்பின் தெரியாத முஸ்லிம்களிடம் அந்த மாற்றம் அவ்வளவாகப் போய்ச் சேரவில்லை. நைஜீரியாவின் கடூனா நகரத்தில் கிறிஸ்தவ, முஸ்லிம் இளைஞர்களுக்கு 16 வாரம் கம்ப்யூட்டர் பயிற்சி தரப்பட்டது. கலந்து படித்தவர்களின் மனதில் இருந்த எண்ணம் மாறவில்லை. ஆனால் தனித்தனியாகப் படித்தவர்களைவிட இவர்கள் நடத்தையில் பாரபட்சம் குறைவாக இருந்தது. எனக்கு இது நம்பிக்கை தரும் செய்தி. மனம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, முதலில் நடத்தை மாறினால் போதும்.

மியாமியில் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய்த் திருநர்களைப் பற்றிச் சுமார் பத்து நிமிடம் பேசினார்கள். பிரசங்கம் கிடையாது. ‘நீங்கள் எப்போதாவது மற்றவர்களிடமிருந்து வித்தியாசமானவர் என்று ஒதுக்கப்பட்டிருக்கிறீர்களா?’ என்கிற மாதிரிக் கேட்டு, வீட்டுக்காரரைப் பேசவிட்டார்கள். மூன்று மாதம் கழித்து எடுத்த கணிப்பிலும் வெறுப்பு குறைந்திருப்பது தெரிந்தது. 2016-ல் வெளியான இந்த ஆய்வு ஒரு நகரத்துக்குக் கட்டுப்படியாகிற வழியையும் காட்டுகிறது. ஆனால் தன்னார்வலர்களுக்கு நல்ல பயிற்சி வேண்டும், பொறுமையும் வேண்டும்.

பள்ளியை மட்டும் தள்ளிப்போட முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை அவனோடு படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தமிழ்நாடு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு அதன்பிறகே பள்ளிகளில் சாதி அடையாளங்களைப் பற்றிப் பரிந்துரைகள் தந்தது. அந்தச் சம்பவத்துக்கு முன்பும் அந்தப் பிள்ளைகள் ஒரே பள்ளியில்தான் படித்தார்கள். ஒரே பள்ளியில் படிப்பது மட்டும் போதாது, ஒருவன் சீண்டப்படும்போது ஆசிரியர் தலையிட வேண்டும், அந்தப் பிள்ளை போய்ச் சொல்ல ஓரிடம் இருக்க வேண்டும்.

வீதியில் கூட நிற்பது

1993-ல் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் பில்லிங்ஸ் என்ற நகரத்தில் ஒரு பூர்வகுடிப் பெண்ணின் வீட்டுச் சுவரில் நாஜிச் சின்னத்தையும் வசவையும் எழுதினார்கள். சில நாட்களில் அந்த ஊர் பெயின்டர் சங்கத்தினர் திரண்டு வந்து வீட்டுக்குப் புதுச் சாயம் பூசிக் கொடுத்தார்கள். கறுப்பர்களின் தேவாலயத்துக்குள் மொட்டைத்தலை இனவெறியர்கள் வந்து நின்று மிரட்டினார்கள். அடுத்த வாரங்களில் மற்ற சபைக்காரர்கள் வந்து அந்த ஆராதனையில் கலந்துகொண்டார்கள். டிசம்பரில் ஒரு யூதக் குடும்பத்தின் வீட்டில், மெனோரா என்ற யூதப் பண்டிகை விளக்கின் படம் ஒட்டியிருந்த குழந்தையின் அறை ஜன்னல் வழியாகக் கல் வந்து விழுந்தது. உள்ளூர் நாளிதழ் முழுப்பக்க மெனோராப் படத்தை அச்சிட்டது. யூதர் அல்லாத ஆயிரக்கணக்கான வீடுகள் அதை ஜன்னலில் ஒட்டின. ஒட்டிய வீடுகளிலும் கண்ணாடிகள் உடைக்கப்பட்டன. படங்கள் இன்னும் கூடின. அந்த ஊர் போலீஸ் தலைவர் வேய்ன் இன்மன் முன்பு போர்ட்லாந்தில் வேலை பார்த்தவர். 1988-ல் அங்கே ஒரு எத்தியோப்பிய இளைஞர் இனவெறியர்களால் அடித்துக் கொல்லப்பட்டதை அறிந்தவர். அதனால் சின்னச் சம்பவத்திலேயே வாயைத் திறக்க வேண்டும் என்று ஊரைத் தூண்டினார்.

செலவே இல்லாமல் ஒரு ஊர் இதைச் செய்தது. நகராட்சி பணம் கொடுத்து இதை வரவழைக்க முடியுமா என்றால், முடியாது. பெயின்டர்களிடம் ‘வாங்க போகலாம்’ என்று சொல்ல அந்தச் சங்கத்துக்குள் ஒரு ஆள் வேண்டும். வட்டாரக் குழுக்கள் இருக்கிற ஊரில் அந்த ஆள் கிடைப்பார். இல்லாத ஊரில் ‘வெறுப்புக்கு இடமில்லை’ என்று பேனர் வைத்து, பன்முகப் பண்பாட்டு விழா நடத்துவதோடு நின்றுவிடும். விழா வேண்டாம் என்று சொல்லவில்லை; தடுப்புப் பணத்திலிருந்து நடத்தாதீர்கள் என்கிறேன்.

குற்றம் செய்தவரைத் திருத்தும் திட்டங்களும் இருக்கின்றன. ஜெர்மனியில் 2000 முதல் எக்ஸிட் அமைப்பு நாஜிக் குழுக்களிலிருந்து வெளியேற விரும்புபவர்களுக்கு உதவுகிறது. அருமையான பணி. ஆனால் தனித் திறமை கேட்கும் பணி அது. ஒரு நகரம் தனியாக இழுத்துச் செய்வதைவிட மாநில அளவில் இருப்பதே பொருத்தம். அடித்தவரையும் அடிபட்டவரையும் உட்கார வைத்துப் பேசுவதை, அடிபட்டவர் தானே முன்வந்து கேட்டால் மட்டும் செய்யலாம். ‘சமாதானமாகப் போங்கள்’ என்று அவரை நெருக்குவது இரண்டாவது அடி.

எந்த ஊருக்கு எது

போலீஸ் மேல் நம்பிக்கை குறைந்த ஊரிலும், புதிதாகக் குடியேறியவர்கள் அதிகமுள்ள ஊரிலும் உதவி எண்தான் முதலில், சந்தேகமே வேண்டாம். இரண்டு பெரிய சமூகங்களுக்குள் பழைய கலவர வரலாறு உள்ள ஊரில் வட்டாரக் குழுக்களை முதலில் தொடங்கலாம், எண் ஆறு மாதம் கழித்து வரட்டும். சின்ன நகரத்துக்கு இரண்டுக்கும் தனித்தனியாகப் பணம் இருக்காது. அங்கே ஏற்கெனவே ஓடுகிற பொது உதவி எண்ணோடு ஒப்பந்தம் போட்டு, மிச்சப் பணத்தில் சம்பளத்துக்கு ஒரே ஒருவரை அமர்த்தினால் போதும். அவர் புகார் சொன்னவரைத் திருப்பி அழைப்பார், மாதாமாதம் குழுவைக் கூட்டுவார். போலீஸ் பயிற்சி எல்லா ஊரிலும் கூடவே நடக்கட்டும், அதற்கு ஆகும் செலவு அதிகமில்லை.

யாருடைய பொறுப்பில் வைப்பது என்பதையும் கவனிக்க வேண்டும். மேயரின் செய்தித் தொடர்பு அலுவலகத்தில் வைத்தால் அடுத்த தேர்தலோடு போய்விடும். லாஸ் ஏஞ்சலஸ் கவுன்ட்டியில் 1943 இனக் கலவரங்களுக்குப் பிறகு, 1944-ல் உருவான மனித உறவுகள் ஆணையம் இன்றும் இருக்கிறது; 1980 முதல் ஆண்டுதோறும் வெறுப்புக் குற்ற அறிக்கை வெளியிடுகிறது. சட்டபூர்வமான ஆணையமாக இருந்ததால்தான் அது இத்தனை ஆட்சிகளைத் தாண்டியது. ஒரு வருஷ மானியத்தில் எந்த நல்ல ஊழியரும் தங்க மாட்டார், குறைந்தது மூன்று ஆண்டுக்குப் பணம் உறுதி செய்ய வேண்டும்.

கடைசியாக, மதிப்பீடு. முதல் ஆண்டு முடிவில் புகார்கள் கூடியிருக்கும். ‘திட்டம் வந்த பிறகு குற்றம் அதிகமாகிவிட்டதே’ என்று யாராவது மன்றத்தில் எழுந்து பேசுவார். இதுவரை வாய் திறக்காதவர்கள் பேச ஆரம்பித்திருக்கிறார்கள் என்று அன்றைக்கு விளக்கிப் பயனில்லை. பணம் ஒதுக்கும் தீர்மானத்திலேயே, முதல் இரண்டு ஆண்டுகள் புகார் கூடும் என்று எழுதி நிறைவேற்றிவிட வேண்டும். அதற்குப் பதிலாக வேறு நான்கு விஷயங்களைக் கேட்கலாம். புகார் சொன்னவர்களில் எத்தனை பேரை ஒரு வாரத்துக்குள் மறுபடி அழைத்தீர்கள்? எத்தனை மொழிகளில் அழைப்பு வந்தது, எந்தச் சமூகத்திலிருந்து இன்னும் ஒன்றுகூட வரவில்லை? வட்டாரக் குழு, சம்பவம் எதுவும் இல்லாத மாதங்களில் எத்தனை முறை கூடியது? ஒருமுறை உதவி பெற்றவர் தன் சொந்தக்காரருக்கோ தோழிக்கோ அந்த எண்ணைக் கொடுத்தாரா? நான்காவது கேள்விக்குப் பதில் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. புதிதாக அழைப்பவரிடம், ‘இந்த எண் உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?’ என்று கேட்டு, படிவத்தில் ஒரு வரி எழுதிக்கொண்டால் போதும்.